ஆப் ஸ்டோர் இல்லாமல் மென்பொருள் விற்பது: எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்?

சொந்தமாக மென்பொருள் எழுதி விற்பவர்கள் ஆப் ஸ்டோரை விட்டு வெளியேறுவது பற்றிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் கமிஷனில் தொடங்கிக் கமிஷனிலேயே முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு வலுவான காரணமாகத் தெரிவதில்லை. 2008இல் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது ஆப்பிள் வைத்த 30 சதவீதக் கமிஷன், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் ஈட்டும் டெவலப்பர்களுக்கு 2021 முதல் 15 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்தச் சலுகைத் திட்டத்தில் சேர விண்ணப்பித்தால் போதும். நேரடி விற்பனையில் பணம் வசூலித்துத் தரப் பலரும் நாடும் பேடில் போன்ற சேவைகள் ஒவ்வொரு விற்பனையிலும் 5 சதவீதமும் அதற்கு மேல் 50 சென்டும் எடுத்துக்கொள்கின்றன. 40 டாலர் மென்பொருளில் ஸ்டோருக்கு 6 டாலர் போகும், சேவைக்கு இரண்டரை டாலர் போகும். அதே கணக்கை 5 டாலர் மென்பொருளுக்குப் போட்டால் இரண்டு பக்கமும் 75 சென்ட்தான். ஆகவே மலிவான சிறு கருவிகளை விற்பவருக்கு நேரடி விற்பனையால் காசு மிச்சமாவதில்லை, வேலை மட்டும் கூடுகிறது.

உண்மையான காரணங்கள் வேறு. வாங்கியவர் யார் என்பதை ஸ்டோர் உங்களுக்குச் சொல்லாது. நேரடியாக விற்றால் அவருடைய மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இருக்கும். புதிய பெரிய பதிப்பைப் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் சலுகை விலையில் தர ஸ்டோரில் நேரான வழி இல்லை. செயலி எட்டக்கூடிய கோப்புகளையும் வசதிகளையும் குறுக்க மேக் ஆப் ஸ்டோர் விதிக்கும் சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுப்பாட்டுக்குள் சில வகை மென்பொருள்களால் ஒழுங்காக இயங்கவே முடியாது. பேனிக் நிறுவனம் 2014இல் கோடா 2.5 என்ற நிரல் எழுதும் மென்பொருளை மேக் ஆப் ஸ்டோருக்கு வெளியே கொண்டுபோனது அதனால்தான். 2015 டிசம்பரில் வெளியேறிய ஸ்கெட்ச் என்ற வடிவமைப்பு மென்பொருள், ஆப்பிளின் பரிசீலனைக்காகக் காத்திருக்கும் நாள்களையும் மேம்பாட்டுக்குத் தனி விலை வைக்க முடியாததையும் காரணங்களாகச் சொன்னது. போனவர்கள் எல்லாரும் போனபடியே இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: பேனிக் தன் கோப்புப் பரிமாற்ற மென்பொருளான டிரான்ஸ்மிட்டை 2018இலும், பேர் போன்ஸ் நிறுவனம் தன் உரைத்திருத்தியான பிபிஎடிட்டை 2019இலும் மீண்டும் ஸ்டோருக்குக் கொண்டுவந்தன, நேரடி விற்பனையையும் தொடர்ந்தன.

இங்கே சொல்லப்படுவது மேக், விண்டோஸ் கணினிகளுக்கான மென்பொருளைப் பற்றியது. ஐபோன் செயலியைத் தனியொருவர் தன் இணையதளத்திலிருந்தே கொடுப்பதற்கான வழி ஐரோப்பிய ஒன்றியத்தில்கூடப் பல நிபந்தனைகளோடுதான் திறந்திருக்கிறது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

நேரடி விற்பனையில் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். ஆனால் அவற்றை வரிசைப்படுத்த ஓர் எளிய அளவுகோல் உண்டு. விலை, இணையதளத்தின் தோற்றம், விளம்பர வாசகம் ஆகியவற்றை எந்த நாளிலும் மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் கணினியில் நிறுவப்பட்டுவிட்ட நிரலுக்குள் இருப்பதையும், பணம் வாங்கும்போது கொடுத்துவிட்ட வாக்கையும் பின்னால் மாற்ற முடியாது. ஆகவே மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தளத்தின் முகப்புக்கு வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, அப்டேட் ஏற்பாட்டை 1.1 பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்டேட்: 1.0இலேயே இருக்க வேண்டியது

ஸ்டோரில் அப்டேட் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். நேரடி விற்பனையில் முதல் பதிப்பிலேயே அப்டேட்டைத் தேடும் நிரல் இல்லாவிட்டால், அந்தப் பதிப்பை நிறுவியவர்களை எட்டுவதற்கு மின்னஞ்சலைத் தவிர வேறு வழியில்லை, அதையும் பலர் திறக்க மாட்டார்கள். பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டால் அந்தப் பதிப்பு அவர்களுடைய கணினியில் அப்படியேதான் கிடக்கும்.

இதை நீங்களே எழுத வேண்டிய தேவையில்லை. மேக்கில் 2006 முதல் புழக்கத்தில் இருக்கும் ஸ்பார்க்கிள் என்ற திறமூல நூலகத்தையே நேரடியாக விற்பவர்களில் பலரும் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸுக்கு வின்ஸ்பார்க்கிள், வெலோபேக் ஆகியவை இருக்கின்றன. ஸ்பார்க்கிள் வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்கள் சர்வரில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் புதிய பதிப்பின் எண், பதிவிறக்க முகவரி, கோப்பின் அளவு, அந்தக் கோப்புக்கு நீங்கள் இட்ட டிஜிட்டல் கையொப்பம் ஆகியவை இருக்கும். மென்பொருள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் படித்து, புதிய பதிப்பு இருந்தால் இறக்கி, தனக்குள் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருக்கும் பொதுச்சாவியால் (கையொப்பம் உங்களுடையதா என்று சரிபார்க்க மட்டும் உதவுவது) கையொப்பத்தைச் சரிபார்த்து, பொருந்தினால் மட்டும் தன்னை மாற்றிக்கொள்ளும்.

இதில் நிரலோடு சேர்ந்து வெளியே போய்விடுபவை எக்ஸ்எம்எல் கோப்பின் முகவரியும் பொதுச்சாவியும். முகவரி உங்கள் சொந்த டொமைனில், அப்டேட்டுக்கென்றே ஒதுக்கிய துணை டொமைனில் இருக்கட்டும். கோப்புகளை உண்மையில் எந்தச் சேமிப்புச் சேவையில் வைத்திருக்கிறீர்களோ அதன் முகவரியை நிரலுக்குள் எழுதிவிட்டால், அந்தச் சேவையை விட்டு மாறும் நாளில் பழைய பதிப்புகள் எல்லாம் உங்களோடு தொடர்பை இழந்துவிடும். துணை டொமைனாக இருந்தால் பின்னால் இருக்கும் சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. டொமைனின் புதுப்பிப்பைத் தானியங்கியாக வைப்பதும், அதற்குக் கொடுத்திருக்கும் அட்டை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் இந்த வேலையின் பகுதிதான்.

பொதுச்சாவிக்கு இணையான, கையொப்பமிட உதவும் ரகசியச் சாவியை ஸ்பார்க்கிளின் கருவி உங்கள் மேக்கின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினில் வைக்கிறது. அந்தக் கணினி பழுதானால் சாவியும் போய்விடும். எனவே உருவாக்கிய அன்றே அதை ஏற்றுமதி செய்து, இணையத்தோடு தொடர்பில்லாத இரண்டு இடங்களிலாவது வைத்துவிடுங்கள். ஆப்பிள் வழங்கிய அதே டெவலப்பர் சான்றிதழால் மென்பொருள் கையொப்பமிடப்பட்டிருக்கும் வரை ஸ்பார்க்கிளில் புதிய சாவிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு; இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்தவருக்கு அந்த வழியும் இல்லை.

விற்பனையைத் தொடங்குவதற்கு முன்பே 1.0.1 என்ற பதிப்பை வெளியிட்டு, நிறுவிவைத்த 1.0 அதைக் கண்டுபிடித்துத் தானாக மாறுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக அமைந்திருப்பதாகத் தோன்றும்போதும், எக்ஸ்எம்எல் கோப்பு பழைய நகலாகவே இடைச்சேமிப்பில் தேங்கி நிற்பது போன்ற கோளாறுகள் இந்தச் சோதனையில்தான் அகப்படும்.

எச்சரிக்கைப் பெட்டிகள்

வாடிக்கையாளர் உங்கள் மென்பொருளை முதல் முறையாகத் திறக்கும்போது இயங்குதளம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தே அவர் மேலே போவதும் அழித்துவிடுவதும் அமையும்.

மேக்கில் விதி தெளிவானது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டி ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் சேர்ந்து, டெவலப்பர் ஐடி சான்றிதழால் மென்பொருளுக்குக் கையொப்பமிட்டு, அதை ஆப்பிளுக்கு அனுப்பி நோட்டரைசேஷன் என்ற தானியங்கிச் சோதனையில் தேற வேண்டும். இது ஸ்டோரின் பரிசீலனை அல்ல. தீய நிரல் இருக்கிறதா, கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள், பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் போதும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் பழைய பழக்கம் இனி எடுபடாது. 2024இல் வந்த செக்கோயா பதிப்பில் ஆப்பிள் அந்தக் குறுக்குவழியை மூடிவிட்டது.

சோதித்துப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் உருவாக்கிய கோப்பை யூஎஸ்பியில் எடுத்துச்சென்று வேறொரு மேக்கில் திறந்து பார்த்துவிட்டு, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பிரவுசர் போன்றவற்றின் வழியாக இறங்கும் கோப்புகளுக்குத்தான் குவாரன்டீன் என்ற குறி இடப்படுகிறது. அந்தக் குறி இருந்தால்தான் இயங்குதளம் முழுச் சோதனை செய்கிறது. ஆகவே உங்கள் தளத்தில் ஏற்றி, வாங்குபவர் இறக்குவது போலவே பிரவுசரில் இறக்கி, அந்த மென்பொருளை இதுவரை பார்த்திராத கணினியில் திறந்து பாருங்கள். ஜிப் கோப்பாகக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நோட்டரைசேஷனில் தேறியதற்கு ஆப்பிள் தரும் டிஜிட்டல் சீட்டை ஜிப்பின் மீது ஒட்ட முடியாது, உள்ளே இருக்கும் செயலியின் மீது ஒட்டிவிட்டுப் பிறகுதான் ஜிப் செய்ய வேண்டும்.

விண்டோஸில் நிலைமை இன்னும் குழப்பமானது. அங்கே ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற ஏற்பாடு உங்கள் கோப்பும் சான்றிதழும் எவ்வளவு பழகியவை என்று பார்க்கிறது. கையொப்பமே இல்லாத இன்ஸ்டாலருக்கு நீலத் திரையில் பெரிய எச்சரிக்கை வரும், தொடர்ந்து இயக்குவதற்கான பொத்தான் இன்னொரு இணைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கையொப்பம் இட்டாலும், புதிய சான்றிதழாக இருந்தால் நற்பெயர் சேரும்வரை சில காலம் எச்சரிக்கை வரத்தான் செய்யும். கூடுதல் விலையுள்ள ஈவி சான்றிதழ் வாங்கினால் இந்தத் தொல்லை உடனே நீங்கிவிடும் என்று பழைய வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை விலக்கிக்கொண்டுவிட்டது, எனவே அதற்காக மட்டும் அந்தச் செலவைச் செய்யாதீர்கள். 2023 ஜூன் முதல் எல்லாக் கையொப்பச் சான்றிதழ்களின் ரகசியச் சாவியையும் வன்பொருள் கருவியில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருப்பதால், கணினியில் ஒரு கோப்பாக வைத்துக் கையொப்பமிட்ட காலம் முடிந்துவிட்டது. சாவியைத் தன்னிடம் வைத்து இணையம் வழியாகக் கையொப்பமிட்டுத் தரும் மேகச் சேவை ஒன்றைப் பயன்படுத்துவது தனியொருவருக்கு எளிது. கையொப்பமிடும்போது, இட்ட நேரத்துக்குச் சான்றான நேரமுத்திரையையும் சேர்த்துவிடுங்கள். அது இருந்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் முன்பு வெளியிட்ட கோப்புகளின் கையொப்பம் செல்லும். இல்லாவிட்டால் அவை எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போய்விடும்.

பணமும் வரியும்

பணம் வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவையை நேரடியாக இணைத்துக்கொண்டால் செலவு குறைவு, ஆனால் சட்டப்படி விற்பவர் நீங்கள்தான். வரியும் உங்கள் பொறுப்புதான். பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், லெமன் ஸ்க்வீசி போன்றவை வேறு வகை: அவை உங்களிடமிருந்து மென்பொருளை வாங்கித் தம் பெயரில் விற்பதாகச் சட்டம் கருதுகிறது. எனவே வாங்குபவரின் நாட்டு வரியை வசூலித்துக் கட்டுவது அவற்றின் வேலையாகிறது.

தனியொருவருக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல் மின்வழிச் சேவைகளுக்கான மதிப்புக்கூட்டு வரி வாங்குபவரின் நாட்டு விகிதப்படி கணக்கிடப்படுகிறது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து தனிநபர்களுக்கு விற்பவருக்கு விலக்கு வரம்பு எதுவும் இல்லை, முதல் விற்பனையிலிருந்தே பொறுப்பு தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, மாநிலத்துக்குள் அலுவலகமே இல்லாதவரிடமும் அந்த மாநிலம் விற்பனை வரியை வசூலித்துக் கட்டச் சொல்லலாம். இவற்றை எல்லாம் தனியாளாகப் பின்தொடர்ந்தால் நிரல் எழுத நேரம் இருக்காது.

ஆனால் இடையில் இருக்கும் சேவையையே முழுதாக நம்பிவிடக் கூடாது. 1994 முதல் சிறு டெவலப்பர்களுக்காகப் பணம் வசூலித்துக் கொடுத்துவந்த கேகி என்ற நிறுவனம் 2016 ஜூலையில் திடீரென மூடப்பட்டது. இன்று அதே பெயரில் இருக்கும் தேடுபொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே நிலுவைத் தொகையைச் சேரவிடாமல் குறித்த இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கியவர்களின் பெயர், மின்னஞ்சல், ஆர்டர் எண், தேதி அடங்கிய பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிறு விஷயம்: வாடிக்கையாளரின் அட்டைக் கணக்கில் உங்கள் மென்பொருளின் பெயருக்குப் பதிலாக அந்தச் சேவையின் பெயர்தான் பெரும்பாலும் தெரியும். அதை அடையாளம் காணாதவர் வங்கியிடம் புகார் செய்துவிடுவார். நன்றி மின்னஞ்சலில் அந்தப் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தப் புகார்களில் பெரும்பகுதி எழாது. பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு வாதிடாமல் கொடுத்துவிடுங்கள். வங்கி வழியாகப் பணம் திரும்பப் பிடிக்கப்படும் சார்ஜ்பேக்குக்குத் தனிக் கட்டணம் வேறு கட்ட நேரும்.

உரிமச் சாவி

பணம் கட்டியதற்குச் சான்றாக வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் உரிமச் சாவியைச் சர்வரில் கேட்டுச் சரிபார்ப்பதா, சாவியிலேயே சான்று இருக்கும்படி செய்வதா என்பது முதல் முடிவு. இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். பெயர், மின்னஞ்சல், ஆர்டர் எண், எந்தத் தேதி வரை அப்டேட் உண்டு என்பதைச் சிறு உரையாக எழுதி, உங்கள் ரகசியச் சாவியால் அதற்கு எட்25519 என்ற முறையில் டிஜிட்டல் கையொப்பம் இட்டு, இரண்டையும் சேர்த்து அனுப்பினால் அதுவே உரிமம். மென்பொருள் தனக்குள் இருக்கும் பொதுச்சாவியால் அதைச் சரிபார்த்துக்கொள்ளும்; இணையம் வேண்டாம், உங்கள் சர்வர் நின்றுபோனாலும் பணம் கொடுத்தவரின் மென்பொருள் நிற்காது. அப்டேட்டுக்கும் உரிமத்துக்கும் ஒரே ரகசியச் சாவியைப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் உரிமத்துக்குக் கையொப்பமிடும் சாவி சர்வரில் இருந்தாக வேண்டியது, அப்டேட் சாவி சர்வரை எட்டவே கூடாதது.

இதற்கு ஒரு விலை உண்டு. எட்25519 கையொப்பம் மட்டுமே 64 பைட். அதை பேஸ்64 எழுத்தாக மாற்றினால் 88 எழுத்துகள் வரும். யாரும் அதைக் கையால் தட்டச்சு செய்ய மாட்டார்கள், ஒட்டத்தான் செய்வார்கள், ஒட்டும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பதை எண்ணி எழுத வேண்டும். மின்னஞ்சல் நிரல் நீண்ட வரியை இரண்டாக உடைத்திருக்கும். முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். குறிப்புச் செயலி ஒன்றில் சேமித்துவைத்து எடுத்தால் அடுத்தடுத்த இரண்டு சிறுகோடுகளை அது ஒரே நீளக்கோடாக மாற்றியிருக்கும். எனவே சாவியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அடையாளச் சொற்களை வைத்து, இடைவெளி, வரிமுறிவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சரிபாருங்கள். வாடிக்கையாளர் மின்னஞ்சல் முழுவதையும் அப்படியே ஒட்டினாலும் உள்ளிருந்து சாவியைப் பொறுக்கி எடுக்கும்படி நிரல் இருந்தால் உதவி கேட்டு வரும் கடிதங்கள் வெகுவாகக் குறையும். மின்னஞ்சலிலேயே ஓர் இணைப்பு வைத்து, அதைச் சொடுக்கினால் மென்பொருள் திறந்து தானே பதிவு செய்துகொள்ளும்படி அமைத்துவிடலாம் என்றால் இன்னும் நல்லது.

பணம் வந்ததும் விற்பனைச் சேவை உங்கள் சர்வருக்கு வெப்ஹுக் என்ற தானியங்கி அழைப்பின் வழியாகச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியின் கையொப்பத்தைச் சரிபார்க்காவிட்டால் யார் வேண்டுமானாலும் போலிச் செய்தி அனுப்பி உரிமம் பெற்றுவிடுவார். ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் வழக்கம். ஆர்டர் எண்ணை வைத்துப் பார்த்து, ஏற்கெனவே உரிமம் கொடுத்திருந்தால் அதையே திரும்பக் கொடுங்கள். மின்னஞ்சல் ஸ்பேமில் விழாமலிருக்க அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை உங்கள் டொமைனுக்கு அமையுங்கள், அப்படியும் நம்பிவிடாமல் பணம் கட்டி முடித்தவுடன் வரும் பக்கத்திலேயே சாவியைக் காட்டிவிடுங்கள்.

சாவியைத் தொலைத்தவர்களுக்கான பக்கத்தை முதல் நாளே வைக்க வேண்டும். மின்னஞ்சலைக் கொடுத்தால் அந்த முகவரிக்குச் சாவி மீண்டும் போகும், அவ்வளவுதான். அந்த முகவரியில் யாரும் வாங்கியிராவிட்டாலும் திரையில் ஒரே பதிலைத்தான் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் யார் உங்கள் வாடிக்கையாளர் என்பதை எவரும் சோதித்து அறிந்துகொள்ளலாம். பூட்டை உடைத்து இலவசமாகப் பயன்படுத்துபவர்களைத் துரத்துவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பணம் திரும்பப் பெற்ற சாவிகளை அடுத்த பதிப்பில் செல்லாதவையாக்கினால் போதும்.

சோதனைக் காலமும் வாக்குறுதியும்

ஆண்ட்ரூ ஃபுளூகல்மன் 1982இல் பிசி-டாக் என்ற மென்பொருளைத் தாராளமாக நகலெடுக்க விட்டு, பிடித்தவர்கள் பணம் அனுப்பலாம் என்று கேட்டதிலிருந்தே, பார்த்துவிட்டு வாங்குவது நேரடி விற்பனையின் இயல்பாக இருந்துவருகிறது. எத்தனை நாள் இலவசம் என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நாள்காட்டி நாள்களுக்குப் பதிலாகப் பயன்படுத்திய நாள்களைக் கணக்கில் எடுத்தால், நிறுவிவிட்டு மறந்துபோய் மூன்று வாரம் கழித்துத் திறப்பவர் ஏமாற மாட்டார். காலம் முடிந்த பிறகும் அவர் உருவாக்கிய கோப்புகளைத் திறக்கவும் ஏற்றுமதி செய்யவும் விட்டுவிடுங்கள்.

வாக்குறுதியில்தான் கவனம் தேவை. ஒருமுறை கட்டினால் வாழ்நாள் முழுவதும் அப்டேட் என்று எழுதுவது முதல் மாத விற்பனையைக் கூட்டும், ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆறாம் ஆண்டில் அந்த வாடிக்கையாளருக்காக நீங்கள் இலவசமாக உழைத்துக்கொண்டிருப்பீர்கள். வாங்கிய பதிப்பு என்றும் அவருடையது, ஓராண்டுக்கு வரும் அப்டேட்டுகள் இலவசம், அதற்குப் பிறகு வேண்டுமென்றால் புதுப்பிக்கலாம் என்ற ஏற்பாடு இரு தரப்புக்கும் நியாயமானது. மேலே சொன்ன உரிமத்தில் அப்டேட் தேதியைச் சேர்க்கச் சொன்னதும் இதற்காகத்தான்: மென்பொருள் தன் வெளியீட்டுத் தேதியை அந்தத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், சர்வரைக் கேட்க வேண்டியதில்லை.

ஸ்டோரில் ஏற்கெனவே வாங்கியவர்கள்

ஸ்டோரிலிருந்து மாறுபவருக்கு இந்தக் கேள்வி வரும். ஸ்டோர் மின்னஞ்சல்களைத் தராது என்பதால் பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப்போக முடியாது, அவர்கள் வரும்போது அடையாளம் காணத்தான் முடியும். மேக் ஆப் ஸ்டோரில் வாங்கிய செயலிக்குள் ஆப்பிள் கையொப்பமிட்ட ரசீது ஒன்று இருக்கிறது. நேரடிப் பதிப்பை முதல்முறை திறக்கும்போது, அதே கணினியில் ஸ்டோர் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து, ரசீது செல்லுபடியானால் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொண்டு இலவச உரிமம் கொடுத்துவிடலாம். இந்த நிரலைக் குறைந்தது ஓராண்டாவது நீக்காமல் வைத்திருங்கள். கடைசிப் பதிப்பை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட அவசரப்படவும் வேண்டாம், புதிய கணினி வாங்குபவர்கள் பழைய இடத்தில்தான் முதலில் தேடுவார்கள். விண்டோஸில் ஸ்டோரை முற்றிலும் விட்டுவிட வேண்டிய தேவையும் இல்லை: விளையாட்டு அல்லாத மென்பொருள் தன் சொந்தக் கட்டண முறையைப் பயன்படுத்தினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் 2021 முதல் கமிஷன் எடுப்பதில்லை, எனவே நேரடி விற்பனைக்காக அமைத்த உரிம ஏற்பாட்டையே அங்கும் பயன்படுத்தலாம்.